சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது

போன வெள்ளிக்கிழமை உங்களில் ஒருத்தியைப் பார்த்து எல்லோர் முன்னிலையிலும் கத்திவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இன்னொரு முறை அப்படிச் செய்தால் இன்னொரு முறையும் கத்துவேன். ஆனால் நான் ஓய்வுபெற நான்கு நாட்கள்தான் இருக்கின்றன. அந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் போனால், கிழவிக்குப் போகிற நேரத்தில் குணம் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். இந்த ஆய்வுகூடத்தில் இப்போது தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இது. இங்குள்ளவர்களின் மொழியில் எழுதினால் அறிக்கையாகிவிடும். அறிக்கை எழுதி எழுதியே எனக்குக் கை அலுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். துகள்களை மோதவிடும் யந்திரத்துக்குள் வைக்கப்போகும் புதிய பிக்சல் உணரிகளைத்தானே நாம் சோதிக்கிறோம். ஒவ்வொரு தகட்டிலும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கட்டங்கள். ஒரு துகள் கடந்துபோனால் கட்டம் பேச வேண்டும், கடக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அதில் சில செத்துப்போனவை, சில காரணமில்லாமல் அலட்டுபவை. அப்படியானவற்றை ஒரு பட்டியலில் போட்டு, இனி இவை சொல்வதைக் கேட்காதே என்று கணினிக்குச் சொல்லிவிடுகிறோம். மாஸ்க் பட்டியல் என்று நாம் சொல்வது அதைத்தான். தகட்டைக் குளிரவைத்துச் சூடாக்கி மறுபடியும் சோதிக்கும்போது அந்தப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அந்தப் பிள்ளை பழைய பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அது தெரிஞ்ச பிழைதானே ஆன்ரி," என்றாள்.

அந்த நான்கு சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிறகு பட்டியலை அழித்துவிட்டு, தகட்டைத் தாங்கியில் திருப்பி வைத்து, மறுபடியும் கதிர் காட்டினோம். பழைய பிழை இருந்த இடத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அது உள்ளே போயிருந்தால் வருடக்கணக்கில் யாராலும் தொட முடியாது. நான் எதையும் திருப்பி வைத்துச் சோதிப்பதை "ஆன்ரி பிரதட்சணம் செய்யிறா" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். அந்தப் பிரதட்சணத்தை எனக்குப் படிப்பித்தது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல.

நான் பௌதிகவியல் படித்தவள் அல்ல என்பது உங்களில் சிலருக்குத் தெரியாது. நான் எக்ஸ்ரே எடுப்பவள். உருத்திரபுரத்தில் பிறந்தேன். யாழ்ப்பாணத்தில் எக்ஸ்ரே வேலை பழகினேன். தொண்ணூறுகளில் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது இடம்பெயர்ந்து வந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்திருந்த ஆஸ்பத்திரி. ஏழாம் வகுப்பு சத்திரசிகிச்சைக் கூடம். ஒன்பதாம் வகுப்பு ஆண் நோயாளர் விடுதி. விஞ்ஞான அறை எனக்கு. அதில் ஒரு மூலையைச் சாக்காலும் கறுத்தச் சீலையாலும் அடைத்து இருட்டறையாக்கியிருந்தேன். சைக்கிள் டைனமோவில் எரியும் ஒரு சிவப்புக் குமிழ்தான் வெளிச்சம். வெளியே ஒருவர் மிதித்தால்தான் உள்ளே நான் படம் கழுவலாம்.

இடம்பெயர்ந்தபோது எக்ஸ்ரே யந்திரம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தது. யந்திரம் பிழைத்தது. பிலிம் வைக்கும் தட்டைப் பெட்டிகள் மூன்றில் இரண்டு நசுங்கிப்போயின. மிஞ்சிய ஒன்றுக்குள் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு இறங்கிக் காய்ந்திருந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு திரை இருக்கும். கதிர் பட்டதும் அது ஒளிர்ந்து பிலிமில் படத்தைப் பதிக்கும். தண்ணீர் காய்ந்த இடத்தில் திரை ஒளிராது. ஆகவே நான் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும், வலதுபக்கக் கீழ் மூலையில், பயறளவில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். உலோகத் துண்டும் படத்தில் வெள்ளையாகத்தான் விழும். அதுதான் கரைச்சல்.

புதிதாக வரும் டொக்டர்மார் எல்லாரும் முதல் நாள் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பதறுவார்கள். "இஞ்சை ஒரு பீஸ் கிடக்கு" என்று கத்தியைத் தூக்காத குறைதான். அதனால் ஒரு வழக்கம் வைத்தேன். படம் கழுவி எடுத்ததும், ஈரம் காயுமுன்பே, அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு என் பெயரின் முதல் எழுத்தையும் எழுதிவிடுவேன். சிவப்பு வட்டம் என்றால் பார்க்கத் தேவையில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரி முழுக்க அதைப் பொட்டு என்றுதான் சொல்வார்கள். எங்கள் படங்கள் எல்லாம் பொட்டு வைத்த படங்கள் என்று நேர்ஸ்மார் பகிடி விடுவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வட்டம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குறையோடு வேலை செய்யத் தெரிந்தவள் என்ற பெருமை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு காயத்துக்கு நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றுதான் படித்தேன். ஆனால் பொருளாதாரத் தடையால் பிலிம் வன்னிக்குள் வருவது குதிரைக்கொம்பு. வரும் ஒரு பெட்டியை மாதக்கணக்கில் இழுக்க வேண்டும். ஆகவே ஒரு காயத்துக்கு ஒரு படம். இதை யாரும் எனக்கு உத்தரவிடவில்லை. நானே தொடங்கினேன், எல்லாரும் மெச்சினார்கள்.

ஒருநாள் காலை பத்து மணிபோல விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. விழுந்தது வயல்வெளியில், நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல். அரை மணித்தியாலத்தில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜெனரேற்றருக்கு ஒரு மணித்தியாலம் ஓடத்தான் மண்ணெண்ணெய் இருந்தது. என்னிடம் பதினொரு பிலிம் இருந்தது. வெளியே ஏழு பேர் கிடந்தார்கள். இன்னும் வரும் என்று சொன்னார்கள்.

மூன்றாவதாக வந்தவள் இராசாத்தி. முப்பது வயது இருக்கும். மலையகத்தில் இருந்து ஒரு கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பனோடு வந்து வட்டக்கச்சிப் பக்கம் குடியேறியவள். பிறத்தியாருடைய வயலில் கூலிக்கு நாற்று நடுவதும் களை பிடுங்குவதும்தான் வேலை. இடது தொடையின் பின்பக்கத்தில் விரல் நுனியளவு ஒரு துளை. இரத்தம்கூட அதிகம் இல்லை. மற்றவர்களோடு பார்த்தால் அவளுடையது காயமே இல்லை. கால் முழுக்கச் சேறு காய்ந்திருந்தது. பிள்ளைகள் இருந்து படிக்கும் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்ட மேசையில் படுக்கவைத்து, துளை நடுவில் வரும்படி பெட்டியைக் காலுக்குக் கீழே வைத்துப் படம் எடுத்தேன்.

படத்தைக் கழுவி யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். துளைக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கீழே மூலையில், முழங்காலுக்குப் பின்பக்கமாக, வழக்கமான இடத்தில் பொட்டு. பென்சிலை எடுத்து வட்டம் போட்டேன். இவ்வளவும் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த மூலையை நான் பார்க்கவே இல்லை என்பதை இப்போது சொல்கிறேன். கை பார்த்தது, கண் பார்க்கவில்லை.

இராசாத்தி மேசையில் கிடந்தபடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், தொளையில வலி இல்லீங்க. கீழ, முட்டிக்குப் பின்னாலதான் என்னவோ இருக்குதுங்க. மடக்குனா குத்துது."

"ஒண்டுமில்லை. காயம் மேலை. பயத்திலை அப்பிடித்தான் இருக்கும்."

அவள் கையை நீட்டிப் படத்தைக் காட்டினாள். "அந்தா, வெள்ளையா இருக்குதுங்களே, அந்த எடந்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது எங்கடை பெட்டியிலை இருக்கிற பொட்டு. எல்லாற்றை படத்திலையும் இருக்கும்."

"எங் கால்லயும் இருக்குதுங்களே மிஸ்," என்றாள்.

இந்த வரியை நான் எத்தனை ஆயிரம் முறை எனக்குள் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. அன்று அதைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. வெளியே ஆட்கள் கதறிக்கொண்டிருக்கிறார்கள், இவள் கிடந்து கதை பறைகிறாள் என்று.

டொக்டர் கையைத் துடைத்தபடி வந்தார். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் ஆள். விடியற்காலையில் இருந்து ஒரு தேத்தண்ணிகூடக் குடித்திருக்கமாட்டார். படத்தைப் பார்த்தார், அவளுடைய முழங்காலுக்குப் பின்னால் விரலால் அழுத்தினார். அவள் பல்லைக் கடித்தாள்.

"திருப்பி ஒருக்கா எடுக்கேலாதோ?" என்று என்னைக் கேட்டார்.

இந்த இடத்தில்தான் எல்லாம் இருந்தது, பிள்ளைகளே. பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்தால் போதும். பொட்டு பெட்டியோடு சேர்ந்து மற்ற மூலைக்குப் போய்விடும். காலுக்குள் ஏதாவது இருந்தால் அது காலோடுதான் நிற்கும். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். எனக்கு அது தெரியாமலும் இல்லை. ஒரு பிலிம் செலவாகும், அவ்வளவுதான்.

"எட்டுப் பிலிம்தான் கிடக்கு டொக்டர். வெளியிலை இன்னும் ஆக்கள்."

"அப்ப இது பொட்டுத்தானோ?"

"ஓம் டொக்டர். பொட்டுத்தான். நான் சொல்லுறன்."

நான் சொன்னேன். அவர் நம்பினார். அவர் என்னைவிட இளையவர். ஆயிரம் படம் எடுத்த அக்கா சொல்கிறா என்று நம்பினார். காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டு, மாத்திரை கொடுத்து, அவளைப் பின்னேரமே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள் அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் இருக்கச் சீலையால் கட்டிக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் கொதித்தது. கால் வீங்கிப் பளபளத்து, முழங்காலுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. கிட்டப் போகமுன்பே அழுகல் மணந்தது. மருந்து இருந்த ஆஸ்பத்திரி என்றால் வேறு வழி பார்த்திருப்பார்களோ என்னவோ. எங்களிடம் இருந்தது வாள்தான். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் டொக்டர் என் அறைக்கு வந்தார். உள்ளங்கையில் ஒரு துண்டு இரும்பு வைத்திருந்தார். சின்னவிரல் நகமளவுதான். முழங்காலுக்குப் பின்னால் இருந்ததாம். மேலே புகுந்து கீழே இறங்கியிருக்கிறது. அவர் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து யன்னலில் பிடித்தார். நானும் பார்த்தேன். வட்டத்துக்குள் பொட்டு இருந்தது. அந்தப் பொட்டுக்கு ஒரு வால் இருந்தது. பயறுக்குப் பின்னால் இருந்து இன்னொன்று எட்டிப் பார்த்தது. ஒரு குழந்தைப்பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

"ரெண்டு பேரும்தானே அக்கா பாத்தம்," என்றார்.

அவர் நல்ல மனிதர். அந்தப் பழியில் பாதியைத் தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் பாதியை எடுத்துக்கொள்ள விட்டுவிட்டேன். அதற்கும் எனக்கு வெட்கம்தான். அன்று மிச்சம் பிடித்த பிலிம்களில் மூன்று, மாரிமழை ஈரத்தில் ஒட்டிப் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போயின. அந்த மூன்றில் ஒன்றுதான் அவளுடைய கால்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது ஒரு பிழையின் கதை. பிழை எல்லாருக்கும் வரும். வேலை தலைக்கு மேல், பொருள் இல்லை, ஆள் இல்லை என்று நீங்களே எனக்காக வாதாடுவீர்கள். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

இரண்டு மாதம் கழித்து இராசாத்தி ஒருநாள் காலை பள்ளிக்கூட வாசலில் நின்றாள். கக்கத்தில் பூவரசங்கம்பில் செய்த ஊன்றுகோல். கட்டு மாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே என் அறைக்கு வந்தாள்.

"மிஸ், அன்னைக்கு எடுத்த அந்தப் படம் இருக்குதுங்களா?"

"ஏன்?" என்று கேட்டேன்.

"வெட்டுன கால எங்க பொதைச்சாங்கன்னு கேட்டேன், யாருக்கும் தெரியலைங்க. அந்தப் படத்துலதான் எங் காலு முழுசா இருக்குது. குடுத்தீங்கன்னா வீட்டுல வச்சிக்குவேன்."

அந்தப் படம் அவள் நின்ற இடத்தில் இருந்து நான்கு அடி தூரத்தில், அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதில் என் வட்டம் இருந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து இருந்தது. அவள் அதை ஊரில் படித்த யாரிடமாவது காட்டுவாள், அவர் இன்னொருவரிடம் காட்டுவார், பிறகு விசாரணை வரும், வேலை போகும் என்று ஒரு நொடியில் மனம் முழுத் தூரமும் ஓடிப்போய்விட்டது. அவள் தன் காலைக் கேட்டாள். நான் அவள் சாட்சியைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"அது துலைஞ்சு போச்சு," என்றேன். "இடம்பெயரேக்கை படங்கள் எல்லாம் துலைஞ்சு போச்சு."

அவளைப் படம் எடுத்த பிறகு நாங்கள் எங்கேயும் இடம்பெயரவில்லை. அவளுக்கும் அது தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க மிஸ்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சீமெந்துத் தரையில் ஊன்றுகோல் தட்டிக்கொண்டு போன சத்தம் வாசல் படலை வரை கேட்டது.

அந்தப் பின்னேரமே படத்தை அலுமாரியில் இருந்து எடுத்து என் பையில் வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். முடியவில்லை. கொடுக்கவும் முடியவில்லை. அடுத்த நாள் முதல் ஒவ்வொரு காயத்துக்கும் பெட்டியைத் திருப்பி இரண்டு படம் எடுக்கத் தொடங்கினேன். பிலிம் முடிந்தால் முடியட்டும் என்று சண்டை பிடித்தேன். அதற்கும் என்னை மெச்சினார்கள்.

இரண்டாயிரத்தொன்றில், இங்கிருந்த என் அண்ணா கூப்பிட்டு, இங்கே வர வழி கிடைத்தது. டொக்டர் எனக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதித் தந்தார். "மிகவும் கவனமானவர்" என்று அதில் இருந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் இந்த ஆய்வுகூடத்தில் முதல் வேலை எடுத்தேன். பிறகு நீங்கள் அறிந்த கதை. பழுதைக் கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை என்று மேலே இருப்பவர்கள் விருந்துகளில் புகழ்வார்கள். எங்கே பழகினீர்கள் என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவேன்.

புறப்படுவதற்கு முதல் கிழமை, அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு வட்டக்கச்சிக்குச் சைக்கிளில் போனேன். கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு வருவது என்றுதான் போனேன். இனி வேலை போகும் பயம்கூட இல்லை, நானே போகப்போகிறேன். வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். கிடுகு வேலிக்கு உள்ளே ஒரு கதிரையில் உட்கார்ந்தபடி கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தாள். ஊன்றுகோல் கதிரையில் சாத்தியிருந்தது. நான் இறங்குமுன் அவளே கண்டுவிட்டாள்.

"எக்ஸ்ரே மிஸ்ஸா! உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க!"

அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். சத்தியமாக இறங்கியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"நேரம் போயிட்டுது. பிறகு வாறன்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

பிறகு போகவில்லை. அதற்குப் பிறகு அந்த மண்ணில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அவள் இருக்கிறாளா என்று விசாரிக்க எத்தனையோ வழி இருந்தும் நான் விசாரிக்கவில்லை. இருக்கிறாள் என்றால் போக வேண்டும். இல்லை என்றால் அதற்குமேல் ஒன்றும் இல்லை. இரண்டையும் தாங்க எனக்குத் திராணி இல்லை.

வெள்ளிக்கிழமை நான் கத்திய பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ பட்டியலைப் பிரதி எடுத்ததற்குக் கத்தினேன். ஆனால் நான் கேட்டவுடன் எல்லோர் முன்னாலும், ஓம், நான்தான் செய்தேன் என்று எழுந்து நின்றாயே, அதை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. அந்த விஷயத்தில் உனக்கு நான் படிப்பிக்க ஒன்றும் இல்லை.

யன்னலோர மேசை வருகிற வாரத்தில் இருந்து உங்களில் ஒருவருக்கு. கருவிகள், குறிப்புப் புத்தகங்கள் எல்லாம் உள்ளபடி இருக்கும். கீழ் இழுப்பறையில் மட்டும் ஒரு பழுப்புக் கடித உறை இருக்கிறது. இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்தது, நீங்கள் யாரும் திறந்து பார்த்ததில்லை. அதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். பிலிம் மஞ்சளாகிவிட்டது. எலும்பு மங்கிவிட்டது. சிவப்பு வட்டம் மட்டும் போட்ட அன்று போலவே இருக்கிறது.

இராசாத்தி, படம் துலையேல்லை. என்னட்டைத்தான் இருக்கு.